தொண்ணூறு ரூபாய் பிரீமியம்

ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தே மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வருஷா வருஷம் ஆளுக்கொரு பிரீமியம் சொல்லும். தெருவில் எல்லாருக்கும் அது ஆயிரக்கணக்கில் ஏறிக் கிடக்க, நம்பிராஜனுக்கு மட்டும் தொண்ணூறு ரூபாயாக இறங்கியிருந்தது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. தூக்குவாளி நிறைய அல்வா வாங்கி, வீடு வீடாகக் கொடுக்கக் கிளம்பிவிட்டான்.

அவன் மனைவி ஆவுடைக்கும் பெருமைதான். அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் தம்பி மந்திரத்துக்குப் போன் போட்டாள். "ஏல, தொண்ணூறு ரூவாதான். கட்டிரட்டுமா?"

மந்திரம் குரலைத் தாழ்த்தினான்.

"வேண்டாம்க்கா, வீணு. ஆஸ்பத்திரிச் செலவு வரும்னாத்தான் பிரீமியம் ஏறும். அத்தானுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போக நேரம் இருக்காதாம். இந்த வருஷத்துக்குள்ளயே. நான் சொன்னேன்னு சொல்லிராத."

நம்பிராஜன் காலி வாளியோடு திரும்பி வந்தான். அவளுக்கென்று ஒதுக்கியிருந்த விள்ளலை வாயில் ஊட்டினான். "ஒடம்பு இரும்புல்லா! பணத்தைக் கட்டிட்டியா?"

ஆவுடை அல்வாவை விழுங்கினாள்.

"அது வேண்டாங்க. எனக்கு ஒரு தையல் மிஷின் வாங்கித் தாங்க."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது ஒனக்கு எதுக்குட்டி தையல் மிஷின்?"