மிஷ்மிஷ் ஆவி பிடிக்கிறது

முனீஃப் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டிருந்த பாம்பைப் பார்த்துத் தலையசைத்தார்.

மகள் ஹதீல் நெபுலைசரின் ஸ்விட்சைப் போட்டாள். பழைய லாரி மாதிரி அது உறுமத் தொடங்கியது. மதிய இடைவேளையில் வங்கியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருந்ததில் அவளுக்கே மூச்சு வாங்கியது.

அரபியில் மிஷ்மிஷ் என்றால் ஆப்ரிகாட் பழம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தோழி, குட்டையான அந்த மலைப்பாம்பை ஹதீலின் மடியில் வைத்து அழுதுவிட்டுப் போனாள். உடம்பிலிருந்த திட்டுகளின் நிறத்தைப் பார்த்து ஹதீல்தான் பெயர் வைத்தாள்.

முனீஃப் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. குடித்தனக்காரர் என்பார்.

பாம்பு வந்த வாரமே ஜோர்டானின் அம்மான் நகரில் பனி கொட்டியது. பாம்பின் மூச்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. வாயோரத்தில் நுரைக் குமிழிகள். ஒரு காலையில் தலையை நெட்டுக்குத்தாகத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு, காற்றுக்குத் தவித்தது.

நுரையீரலில் சளி கட்டியிருக்கிறது, பாம்புகளுக்கு இருமத் தெரியாது, விட்டால் பிழைக்காது என்றார் கால்நடை மருத்துவர் சுஹாத். ஊசி எழுதிக் கொடுத்தார். பெட்டியை வெதுவெதுப்பாக வைக்கச் சொன்னார். தினமும் உப்புநீர் ஆவி பிடிக்க வேண்டும் என்றார்.

வீட்டில் வெதுவெதுப்பான அறை முனீஃபுடையது மட்டும்தான். நெபுலைசரும் அவருடையதுதான்.

நாற்பது வருடம் இர்பித் ஊருக்குப் பேருந்து ஓட்டியவர். ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை சிகரெட்டில். இலையுதிர் காலத்தில் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது நெபுலைசரையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நான் என்ன போர் விமானமா ஓட்டுகிறேன், மூஞ்சியில் இதை மாட்டிக்கொள்ள என்று கேட்டுவிட்டு, அலமாரிக்கு மேலே பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். ஹதீல் கெஞ்சினாள், கத்தினாள், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தாள். இரவெல்லாம் அவர் இருமுவது மட்டும் நிற்கவில்லை.

பாம்புக்காகத்தான் அது கீழே இறங்கியது.

முதல் நாள் உறுமல் சத்தத்துக்கு மிஷ்மிஷ் பந்தாகச் சுருண்டு, தலையை உள்ளே புதைத்துக்கொண்டது. முனீஃபுக்கு மனசு கேட்கவில்லை. மாஸ்க்கைப் பிடுங்கித் தன் முகத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

“இந்தாங்க, நல்லா பாத்துக்கங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?”

ஹதீல் பின்னாலிருந்தபடியே அவருடைய மருந்தைக் கிண்ணத்தில் ஊற்றினாள். பாம்புக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஒரு வேளை மருந்து முழுவதையும் அவர் இழுத்து முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து தினமும் ஹதீலின் மதிய இடைவேளையில் அதுவே ஏற்பாடாகிவிட்டது. முதலில் வீட்டுக்காரர், பிறகு குடித்தனக்காரர். கிண்ணமும் குழாயும் இருவருக்கும் தனித்தனி. ஊசி போடும்போது பாம்பின் தலையை முனீஃபே பிடித்துக்கொண்டார். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டதும் அவர்தான்.

மெல்ல மெல்ல மிஷ்மிஷின் விசில் அடங்கியது. குமிழிகள் போயின. முனீஃப் ரொட்டிப் பையோடு மூன்று மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்குவதை மறைக்க, முன்பு போல நடுவில் நின்று போனில் எதையோ தேடுவது போல நடிக்கவும் இல்லை.

போன வாரம் ஹதீல் பாம்பை மருத்துவரிடம் தனியாக எடுத்துப் போனாள். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, இனி ஆவி வேண்டாம் என்றார் சுஹாத்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் வேறு மாதிரி சொன்னாள். குளிர் முடியும் வரை நிறுத்தக் கூடாதாம் என்றாள். முனீஃப் உச்சுக் கொட்டினார். பாவம் என்று சொல்லிவிட்டு மாஸ்க்கைக் கேட்டார்.

அதற்கப்புறம் தினமும் அவர் முடித்த பிறகு, பாம்பின் பெட்டிக்குள் குழாயைப் பேருக்கு நுழைத்துவிட்டு உடனே எடுத்துவிடுவாள். அப்பாவின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

இன்றும் முனீஃப் மருந்தை இழுத்து முடித்து மாஸ்க்கைக் கழற்றினார். ஹதீல் உப்புநீர்க் கிண்ணத்தை எடுத்தாள்.

“அதுக்கு வேணாம்மா,” என்றார் அவர். “நல்லா இருக்கிற ஜீவன எதுக்குப் போட்டு நனைக்கிற?”

ஹதீல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அவரே விஷயத்தைச் சொன்னார்.

போன வாரம் அவள் கையுறைகளைக் கால்நடை மருத்துவமனையிலேயே மறந்துவிட்டு வந்ததைச் சொல்ல, அன்று சாயங்காலமே சுஹாத் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது முனீஃப். பாம்பைப் பற்றியும் கேட்டு, அது குணமானதைத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

“தெரிஞ்சேவா தினமும் மாட்டிக்கிட்டீங்க?”

முனீஃப் எழுந்து சமையலறைக்குப் போனார். திரும்பி வரும்போது இரண்டு கைகளிலும் தட்டுகள். பருப்புச் சோறு, மேலே பொன்னிறமாய் வறுத்த வெங்காயம், ஓரமாகத் தயிர். ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“மெஷின நிறுத்திட்டா நீ மத்தியானம் பேங்க்லயே தின்னுக்குவ. தனியா தின்னா எனக்கு இறங்க மாட்டேங்குது.”

ஹதீல் தட்டை வாங்கிக்கொண்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் போட்டு மென்றார்.

“பாம்புக்கு இன்னும் கொஞ்சம் சளி இருக்குன்னே வச்சுக்குவோம்,” என்றார்.