செம்புச் சிறகுகள்

“‘உப்புக்கடல் பறவை’ கதை படிச்சீங்களாக்கா?”

டெல் அவிவில் சுக்கோத் பண்டிகை விடுமுறையில் நடக்கும் மாயக்கதை விழா அது. வாசகர்களே ஓட்டுப் போட்டுக் கொடுக்கும் விருதுக்கான ஓட்டு வரிசையில் நின்ற ஓஸ்னத்திடம், பின்னால் நின்ற பெண் கேட்டாள். பதினாறு வயதிருக்கும். முதுகில் செம்பு வண்ணம் பூசிய இரண்டு அட்டைச் சிறகுகள்.

“படிச்சேன்.” ஓஸ்னத்துக்குக் காது சூடானது.

“அதுல வர்ற பொண்ணோட றெக்கைதான் இது. நானே செஞ்சேன். கசங்கிடக் கூடாதுன்னு திமோனாவிலேருந்து பஸ்ல நின்னுகிட்டே வந்தேன். டிரைவர், ‘பேசாம பறந்தே போயிருக்கலாமே’ன்னு கிண்டல் பண்ணாரு. கதை எப்படி?”

“சுமார்தான்.”

“சுமாரா! முடிவைப் படிச்சிட்டு நான் அழுதேன்.”

“அழ வைக்கணும்னே எழுதினது. சின்னப் பிள்ளைங்கதான் ஏமாறும்.”

பெண்ணின் முகம் சுருங்கியது. தன் முறை வந்ததும் சீட்டில் வேறொரு கதைக்கு ஓட்டுப் போட்டாள். பிறகு, சிறகுகள் யார் கண்ணிலும் படாதபடி சுவரை ஒட்டியே நடந்தாள்.

மாலையில் முடிவை அறிவித்தார்கள்.

“சிறந்த சிறுகதை, ‘உப்புக்கடல் பறவை’! எழுதியவர் ஓஸ்னத் பர்கன்!”

கைதட்டலுக்கு நடுவே ஓஸ்னத் தலைகுனிந்து மேடையேறினாள். முன்வரிசையில் அந்தப் பெண் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வார்த்தை பேசுங்க” என்று மைக்கை நீட்டினார்கள்.

பாராட்டுக்குக் கூசித்தான் அப்படிச் சொன்னேன் என்று அவளிடம் சொல்லத் துடித்தாள் ஓஸ்னத். மைக்கில் ‘நன்றி’ என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண் எழுந்தாள். சிறகுகளின் கயிற்றை அவிழ்த்து, அவற்றை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனாள்.