குழாய்த் தண்ணியே போதும்

"எனக்குக் குழாய்த் தண்ணியே போதும்மா."

மாமனார் இதைத் தனியாகச் சொல்லியிருந்தால் மருமகள் போகட்டும் என்று விட்டிருப்பாள். ஊரிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்கா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார். அவள் நீட்டிய டம்ளரைக் கையால்கூடத் தொடவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு போய், குழாயைத் திறந்து, தன் டம்ளரில் பிடித்துக் குடித்தார்.

அக்கா புருவத்தை உயர்த்தினாள். மருமகளுக்கு முகம் சுண்டிப் போயிற்று.

பின்னே? தண்ணீரைச் சுத்தம் செய்கிற அந்த ஆர்.ஓ. மெஷினை வாங்கியதே அவருக்காகத்தான். "இந்த வீட்டுத் தண்ணி ஒரே உப்பு, வாயில வைக்க முடியல" என்று குடிவந்த நாளிலிருந்து புலம்பியவர் அவர். கணவனை நச்சரித்து வாங்க வைத்தவள் இவள்.

மாட்ட வந்த மெக்கானிக்கை மாமனார் லேசில் விடவில்லை.

"உள்ள என்னப்பா நடக்குது?"

"மெல்லிசா ஒரு சவ்வு இருக்குங்க. மோட்டார் தண்ணியை அழுத்தி அதுக்குள்ள தள்ளும். தண்ணி அந்தப் பக்கம் போயிடும். உப்பு, அழுக்கு, கிருமி எல்லாம் இந்தப் பக்கமே நின்னுடும்."

"நின்னது எங்க போகும்?"

"மிச்சத் தண்ணியோட சேர்ந்து இந்த டியூப் வழியா வெளிய வந்துடும். ஒரு டம்ளர் குடிக்கக் கிடைச்சா, மூணு டம்ளர் வெளிய போகும்னு வெச்சுக்குங்க. அது குடிக்க ஆகாது. வீடு துடைக்கலாம், பாத்ரூமுக்கு ஊத்தலாம்."

"தண்ணியில இருக்கிற சத்து?"

"அதுவும் சேர்ந்துதான் போகும். சவ்வுக்கு நல்லது கெட்டது தெரியாதுங்களே!"

"சரி, கரண்ட் போச்சுன்னா?"

"பிடிச்சு வெச்சதைக் குடிக்க வேண்டியதுதான். ஐயா மெஷின் வாங்கறீங்களா, பொண்ணு பார்க்கறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான் சிரித்தார்.

டியூபைப் பாத்ரூம் வரைக்கும் இழுக்க வேண்டுமென்றால் சுவரைத் துளைக்க வேண்டும். வாடகை வீடு; வீட்டுக்காரர் கூடாது என்றுவிட்டார். அதனால் சமையலறை மூலையில் ஒரு பக்கெட் வந்து உட்கார்ந்தது. அவ்வளவு தண்ணீரையும் சிங்க்கில் கொட்ட மருமகளுக்கு மனசு வரவில்லை. பக்கெட் நிறையும்போதெல்லாம் இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "அம்மாடி" என்று தூக்கிப் போய்ப் பாத்ரூம் தொட்டியில் ஊற்றுவாள்.

கணவன் விடிந்ததும் வேலைக்குப் போகிறவன். மாமனாருக்கு ஒரு கை தடிக்கே சரி. விழுந்து அடிபட்டதிலிருந்து மற்றக் கை டம்ளருக்கு மேல் எதையும் தூக்காது.

முதலில் அவர் ஆசையாகத்தான் குடித்தார். "தேனா இருக்கும்மா" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, திடுதிப்பென்று குழாய்க்கே மாறிவிட்டார். கேட்டால், "பழகின ருசி" என்று ஒரே பதில். பழகின ருசியாம்! ஒவ்வொரு வாய்க்கும் மருந்து குடிக்கிறவர்போல் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற மனுஷர்.

"வேண்டாத மருமக கை பட்டா குத்தம், கால் பட்டா குத்தம்" என்றாள் அக்கா, அவர் காதில் விழும்படியாகவே. "நீ வாங்கின மெஷினாச்சே, தண்ணி எப்படித் தொண்டையில இறங்கும்?"

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டு அக்கா பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மருமகள் அன்றைக்குக் கேட்டே விட்டாள். "நான் குடுத்தா விஷமா மாமா?"

"ஐயோ, என்னம்மா பேச்சு இது!" என்று பதறினார். ஆனால் அடுத்த டம்ளருக்கும் தடியை ஊன்றிக்கொண்டு குழாய்க்கே போனார்.

அவள் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாட்டை வைப்பாள், நகர்ந்துவிடுவாள். பகல் முழுக்க அவருக்குப் பேச்சுத் துணை அவள் ஒருத்திதான். அதுவும் போனதில் மனுஷர் பாதியாக இளைத்துவிட்டார். அதைப் பார்க்க அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரோஷம் விடவில்லை.

ஒருநாள் பக்கெட்டைத் தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது.

"இனிமே பக்கெட்டைத் தொடவே கூடாது" என்றார் டாக்டர்.

கணவன் வீட்டுக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, சுவரைத் துளைத்து, டியூபை நேராகப் பாத்ரூம் தொட்டிக்கே விட்டான்.

துளைத்த தூசியைக்கூட அவன் பெருக்கி முடிக்கவில்லை. மாமனார் வந்தார். மூலையைப் பார்த்தார். குனிந்து டியூப் எங்கே போகிறது என்று பார்த்தார். அப்புறம் தன் டம்ளரை மருமகளிடம் நீட்டினார்.

"அந்த மெஷின் தண்ணி கொஞ்சம் குடும்மா."

கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இப்ப மட்டும் எப்படி மாமா இறங்குது?" அவள் குரலில் கோபம் இன்னும் தணியவில்லை.

"அந்த உப்புத் தண்ணியை மனுஷன் குடிப்பானாம்மா? காரணத்தைச் சொன்னா நீ விட்டிருப்பியா, கட்டாயப்படுத்திக் குடிக்க வெச்சிருப்பே."

"என்ன காரணம்?"

அவர் தடியால் அந்த வெறும் மூலையைக் காட்டினார்.

"நான் ஒரு டம்ளர் குடிச்சா நீ மூணு டம்ளர் சுமக்கணுமேம்மா. இப்பதான் பக்கெட்டே இல்லையே... இன்னொரு டம்ளர் குடு."