இறக்கி வைத்த இடம்

அரசாங்கம் என் மகள் கவிநிலாவுக்குத் தர வேண்டியிருந்தது இருபத்தாறாயிரம் ரூபாய். பிறவியிலேயே தசை கரைகிற அபூர்வ நோய் அவளுக்கு. மாதாமாதம் வந்த உதவித்தொகை ஏன் நின்றது என்று கோப்பின் நகல் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். நானே எழுதினேன். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் அவள்தான், படுத்தபடியே.

ஒவ்வொரு முறையும் அவளை முதுகில் சுமந்துதான் திருவண்ணாமலையில் உதவித்தொகை ஆபீஸ் மாடி ஏறினேன். மண்டியில் மூட்டை தூக்குகிறவன் நான். என் முதுகுக்கு எடை தெரியும்.

ஆடியில் அவள் இறந்துபோனாள். ஐப்பசியில் நகல் தயார் என்று கூப்பிட்டார்கள். தனியாகத்தான் போனேன். முதல் படியில் கால் வைத்ததும் முதுகில் பாரம் ஏறியது. அதே எடை. கைகள் தாமாகப் பின்னால் போய்க் கோத்துக்கொண்டன.

புதிதாக வந்திருந்த கிளார்க்கம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாங்க, பாப்பாவத் தூக்கிக்கினே நிக்கிறீங்க? பெஞ்சுல இறக்கி வைங்க."

"இருக்கட்டும்மா."

கோப்பைப் புரட்டினார். "பாப்பாவ நேர்ல பார்த்ததா யாருமே எழுதல. அதான் நிறுத்திட்டாங்க. இப்ப நான் எழுதிட்டேன், மொத்தமா வந்துடும். கையெழுத்துப் போடுங்க."

"அப்புறம் வர வேணாமாம்மா?"

"எதுக்கு? அதான் முடிஞ்சிடுச்சே."

மண்ணாங்கட்டி என்கிற என் பெயரை, மகள் சொல்லிக்கொடுத்த மாதிரியே ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். கடைசி எழுத்தை வெகுநேரம் எழுதினேன். முடித்தபோது முதுகில் எதுவும் இல்லை.