இல்லாத கேலக்ஸி

பூதலூர் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்தே, மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஜீவிதா தவித்தாள். நம் பால்வெளியைச் சுற்றிவரும் மங்கலான குட்டி கேலக்ஸி ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகப் போன வருஷம் அவள் சொன்னபோது, தான் பெற்ற பெண்ணைப் போல ஊரெல்லாம் சொல்லிப் பூரித்தவள் ஜெயா.

வீட்டுக்குள் நுழைந்ததும் கொட்டிவிட்டாள். “அத்தை, அது கேலக்ஸி இல்லையாம். பெரிய டெலஸ்கோப்புல பாத்துட்டாங்க. நட்சத்திரமெல்லாம் ஒண்ணா நகரல. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் போவுது. கூட்டம் மாதிரி தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப ஒண்ணுமே இல்லியா?”

“ஒண்ணுமே இல்ல. ஊரே இப்ப உங்களைப் பாத்துத்தான் சிரிக்கும்.”

“அதுக்குத்தான் மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கியா? வா இங்க.”

ஜெயா அவளைக் கொல்லைக்கு இழுத்துப் போனாள். களத்தில் நெல் குவியலை மூடிக்கொண்டு ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் கிடந்தது. ‘விண்ணை வென்ற எங்கள் மருமகளே!’ என்ற எழுத்துக்குக் கீழே ஜீவிதா சிரித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்குத் தெரியாம கடைத்தெருவுல வச்சிருந்தோம். போன வாரம் திடீர்னு பெஞ்ச மழையில பாதி ஊரு நெல்லு முளைச்சுப் போச்சு. தார்ப்பாய் எங்கயும் கிடைக்கல. மாமாதான் ஓடிப்போய் இதை அவுத்துட்டு வந்தாரு. நம்ம நெல்லுல ஒரு மணி நனையலடி!”

ஜீவிதா அத்தையின் கையைப் பற்றிக்கொண்டாள்.

“இனிமே ஒண்ணுமே இல்லன்னு சொல்லாத. சீக்கிரம் அடுத்ததைத் தேடு. சம்பா அறுப்புக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பத்தாது.”