சிவப்பு நூல் கட்டிய கோப்பை

"ஊரிலை சிலபேருக்குச் சிரட்டையிலை தேத்தண்ணி ஊத்தினது காணாதெண்டு, கடல் தாண்டி வந்தும் அதே புத்தியோ, செல்வரட்ணம்?"

டென்மார்க்கில், ஸ்கீவ நகர அகதி விடுதியின் பொதுக் குசினி. 1988 மாசி மாதம். ஆனந்தராஜா ஒரு கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் கைபிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

எமிலியாவின் கோப்பை அது. பெரு நாட்டிலிருந்து தஞ்சம் கேட்டு வந்தவள். அவளுடைய இரத்தத்தில் எயிட்ஸ் கிருமி இருப்பது விடுதி முழுவதற்கும் தெரியும். விண்ணப்பம் தள்ளுபடி. மாதம் முடிய முன் நாட்டைவிட்டுப் போகச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது.

அதே விடுதியில் தங்கியிருந்த செல்வரட்ணம் கோப்பையை வாங்கி, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீருக்குள் போட்டான்.

"இப்ப நான் தொட்டதும் தீட்டோ?"

ஆனந்தராஜா தமிழர் சங்கச் செயலாளர். ஊரிலிருக்கும் மனைவி பிள்ளைகளை இங்கே கூப்பிட அனுமதி கேட்டவர்களின் கோப்புகளை அமைச்சு கிடப்பில் போட்டிருப்பதைக் கண்டித்துப் பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருப்பவர். 'மனிதரை மனிதராக நடத்துங்கள்' என்றுதான் ஒவ்வொரு கடிதத்தையும் முடிப்பார்.

பொரிந்து தள்ளினார். கோப்பை வேறு, கரண்டி வேறு, அதுகளை வைக்கிற இடமும் வேறாம். டெனிஷ்காரன் கண்டால் தமிழனைப் பற்றி என்ன நினைப்பான்? அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்? இதுகளைத் திருத்தவே முடியாது என்று தலையில் அடித்துக்கொண்டார். நடுவில் இரண்டு தடவை தும்மினார்.

"அண்ணை, உங்களுக்குத் தடிமனெல்லே?"

"அதுக்கென்ன இப்ப?"

"கோப்பையாலை அவவின்ரை வருத்தம் எங்களுக்கு வராதாம். டொக்டர் சொன்னவர். எங்கடை தடிமன், சளி அவவுக்குப் போனால்தான் ஆபத்தாம். நாங்கள் வாய் வைச்சது அவவுக்குப் போகக்கூடாதெண்டுதான் நூல் கட்டினனான்."

ஆனந்தராஜா மூக்கைத் துடைத்துக்கொண்டார். இதை முதலே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று முணுமுணுத்தபடி கதிரையில் இருந்தார்.

அப்போதுதான் எமிலியா வந்தாள். அரைகுறை டெனிஷில் நலம் விசாரித்தாள். வேறொரு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, சீனி போட்டுக் கலக்கி அவர் முன் வைத்தாள். பக்கத்தில் ஒரு தாளையும் வைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு அறைக்குப் போய்விட்டாள்.

செல்வரட்ணம்தான் விளக்கினான். இங்கே கிடைக்கிற மருந்து அவளுடைய ஊரில் இல்லை. திருப்பி அனுப்பினால் அதிக நாள் தாங்கமாட்டாள். 'இவளோடு பழகுகிறோம், எங்களுக்கு ஒரு பயமும் இல்லை, இங்கேயே இருக்க விடுங்கள்' என்று தெரிந்தவர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் உதவும் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். நாளைக்கு அனுப்பவேண்டும்.

"சங்கச் செயலாளரின்ரை கையெழுத்தும் இருந்தால் பெரிய பலம், அண்ணை."

ஆனந்தராஜா வாசித்தார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"இது எங்கை போகுது?"

"அமைச்சுக்கு."

"என்ரை மனிசியின்ரை கோப்பும் அங்கைதானே தம்பி கிடக்கு. இந்த வருத்தக்காறியோடை என்ரை பேரையும் கண்டாங்களெண்டால்... உனக்கு விளங்கும்தானே?"

"விளங்குது அண்ணை. என்ரை மனிசி, பிள்ளையின்ரை கோப்பும் அங்கைதான் கிடக்கு."

ஆனந்தராஜா தாளைத் திரும்பப் பார்த்தார். முதல் கையெழுத்து செல்வரட்ணத்தினுடையது.

சங்கக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

மேசையில், நூல் கட்டாத கோப்பையில், எமிலியா கலக்கி வைத்த தேத்தண்ணி வாய் படாமலே ஆறிக் கிடந்தது.