கால் நொடி

விசையை அழுத்தினாள். எழுத்தைச் சொல்லும் கணினிக் குரல் வந்தது.

மறுபடி அழுத்தினாள். மறுபடி வந்தது. விசையின் சத்தம் அடங்கிய பிறகு.

"கால் நொடி லேட்டு," என்றாள்.

விற்பனையாளர் சிரித்தார். "கால் நொடியெல்லாம் யாருக்கு மேடம் தெரியப்போகுது? ஸ்க்ரீனைப் பாருங்க, எவ்வளவு துல்லியமா..."

நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க சார், பாத்துக்கிட்டுதான் இருக்கோம்," என்றது முன்வரிசை. அறை முழுக்கச் சிரிப்பு. மாணவிகள் இருபத்திரண்டு பேருக்கும் பார்வை இல்லை. சொல்லிக்கொடுக்கும் அவளுக்கும் இல்லை.

மூலையில் ஒரே ஒரு பெரிய கணினி. மேசைகளில் சோப்புப் பெட்டி அளவில் இருபத்திரண்டு பெட்டிகள். இங்கே அழுத்தினால் வேலை அங்கே நடக்கும். அங்கிருந்து குரல் கம்பி வழியாகத் திரும்பி வரும்.

ஒருவர் அழுத்தினால் உடனே வரும். எல்லோரும் அழுத்தினால் வரிசையில் நின்று வரும்.

குரல் ஓர் எழுத்தைச் சொல்லும்போது விரல் அடுத்ததற்குப் போயிருக்கும். தப்பென்று அழித்தால் சரியானது அழியும்.

ஜூனில் வங்கித் தேர்வு.

"குரலை இந்தப் பெட்டிக்குள்ளயே பேச வைக்க முடியுமா?"

"உள்ள நாம கை வைக்க முடியாது மேடம். கம்பெனிலதான் பண்ணணும்."

"எப்ப பண்ணுவாங்க?"

"ரிக்வெஸ்ட் போடலாம்."

அவள் தலையசைத்தாள். மரியாதைக்கு.

இதே வேலையைச் செய்யும் மூன்று இலவச மென்பொருள்களை அவள் ஏற்கெனவே சோதித்திருந்தாள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் மாற்றலாம் என்று திறந்தே கொடுக்கப்படுபவை. முதலாவது பார்க்க அழகாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒதுக்கினாள். இரண்டாவது பத்துப் பேரோடு மூச்சு வாங்கியது.

மூன்றாவதைப் பிரித்தாள்.

பதினொரு நாள். மூலையில் இருந்த குரலை எடுத்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தாள். இனி கம்பியில் எழுத்து மட்டும் வரும். பேசுவது பெட்டி.

தாளாளர் ஞானசிகாமணிக்கு ஒரே சந்தேகம். ரிப்பேர் என்றால் யாரைக் கூப்பிடுவது?

"என்னை," என்றாள்.

இரண்டாம் முறையும் கேட்டார். அதே பதில்.

"ஒரு சீட்டு தடுமாறினாக்கூட கம்பெனியோடதைத்தான் வாங்குவோம் டீச்சர். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"சரி சார்."

கம்பெனிப் பெட்டிகளை எடுத்துவிட்டு அவள் தயாரித்தவற்றை வைத்தார்கள். விற்பனையாளரும் கைகொடுத்தார். நல்ல மனிதர்தான்.

"ஆரம்பிங்க."

எல்லா விசைப்பலகைகளும் ஒரே நேரத்தில் தொடங்கின. எல்லாக் குரல்களும். விற்பனையாளர் காதைப் பொத்தியிருப்பார்.

அவள் நடுவில் நின்றாள். கைகள் பின்னால்.

முதல் வரிசை. விசையும் குரலும் ஒட்டிக்கொண்டு வந்தன.

இரண்டாவது வரிசை. அப்படியே.

"டீச்சர், நான் அமுக்குறதுக்கு முன்னாடியே பேசுது."

"நீ தப்பா அமுக்குவேன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சுடி வாசுகி," என்றது பக்கத்து மேசை.

அவளும் சிரித்தாள். மூன்றாவது வரிசைக்குக் காதைத் திருப்பினாள்.

கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு குரல் பின்தங்கியது.

ஓர் எழுத்து. இடைவெளி.

இன்னோர் எழுத்து. அதைவிடப் பெரிய இடைவெளி.

ஒரு சீட்டு.

மற்றவர்களும் கேட்டிருப்பார்களா என்று யோசித்தாள். கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் தெரியவே தெரியாது.

நடந்தாள்.

பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டாள். விசை, குரல். ஒன்றாகத்தான் வந்தன. இடைவெளி அடுத்த விசைக்கு முன்னால் இருந்தது.

பெட்டி தாமதிக்கவில்லை. கை தாமதித்தது.

அவளுடைய மாணவிகளில் இவ்வளவு தடவுகிற கை எதுவும் கிடையாது. அதுவும் இது புஷ்பவல்லியின் இடம். புஷ்பவல்லி காய்ச்சலென்று ஹாஸ்டலில் படுத்திருக்கிறாள்.

"யாரு?"

"நாந்தான் டீச்சர்."

தாளாளர்.

"காலியா இருந்துச்சு. சும்மா கண்ணை மூடிக்கிட்டு அடிச்சுப் பாத்தேன்." குரலைத் தாழ்த்தினார். "என் பேரையே அடிக்க வரல."

அவர் அவள் பக்கம் திரும்பும் சத்தம் கேட்டது.

"இதையே வச்சுக்கலாம். ஆர்டர்ல இருபத்திமூணுன்னு எழுதுங்க."

"பொண்ணுங்க இருபத்திரண்டு பேர்தான் சார்."

"தெரியும். ஒண்ணு என் ரூமுக்கு."

சுற்றிலும் இருபத்தொரு குரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"கண் டாக்டர் டிசம்பர்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள கத்துக்கணும்," என்றார்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"எஃப், ஜே ரெண்டு எழுத்துலயும் சின்னதா ஒரு மேடு இருக்கும் சார். ரெண்டு ஆள்காட்டி விரலையும் அங்க வைங்க."

விசைகளின் மேல் விரல்கள் தேடுவது கேட்டது.

மேட்டில் நின்றது.